உப்பும் மிளகும் ஒரு மெரூன் குர்தாவும்

ஜூன் 8

மெரூன் குர்தாவைக் காணவில்லை. நேற்றுக் கல்லூரிக்குப் போட்டுப்போனது. மாலையில் கழற்றி அழுக்குக்கூடையில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. இன்று துவைக்க எடுத்தால் மற்றவை எல்லாம் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. புதுத்துணி காணாமல் போனால் திருட்டு என்று சொல்லலாம். நாள் முழுவதும் நூலக அலமாரிகளுக்கு நடுவில் வியர்த்த பழைய குர்தாவை யார் எடுப்பார்கள்?

இந்த மாடி வீட்டில் இருப்பது நானும் ஜெசிந்தாவும்தான். கேட்டேன்.

"ஒன் அழுக்குத் துணிய நான் எதுக்குட்டி எடுக்கப் போறேன்? கட்டிலுக்கு அடியில பாரு."

உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்; யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேசுவது அவள் தொழில் பழக்கம். உருளைக்கிழங்கைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

கட்டிலுக்கு அடியில், இரவில் கூண்டைவிட்டு ஆட வரும் உப்பின் புழுக்கைகள்தான் கிடந்தன. பெருக்கினேன்.

ஜூன் 11

வீட்டின் சொந்தக்காரரான கீழ்வீட்டு ருக்மணியக்கா படியில் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, மாடில நாய்க்குட்டி கீது வளத்தறீங்களா? பொழுது சாஞ்சா குலைக்கறாப்பல கேக்குது."

"இல்லைங்க்கா. ஜெசிந்தா போன்ல ரிங்டோன் வச்சிருக்கா."

"நாய் குலைக்கற ரிங்டோனா?"

"ஆமாங்க்கா."

"செரி. அப்பறம் அந்த மோட்டார் ஓட்டறாப்பல ஒரு கொறட்டை? அது ஆம்பளைக் கொறட்டையாட்ட இருக்குது கண்ணு."

மிக்ஸி கெட்டுவிட்டது என்றேன். அக்கா என் தோளுக்கு மேலாக மாடியைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு இரண்டு நிபந்தனைகள்: ஆண்கள் வரக்கூடாது, பிராணிகள் வளர்க்கக் கூடாது. நாங்கள் இரண்டாவதை மீறியிருக்கிறோம். அக்கா முதலாவதைச் சந்தேகிக்கிறார்.

குலைப்பதும் குறட்டையும் உப்பும் மிளகும்தான். சுகர் கிளைடர்கள். அணிலைவிடச் சிறியவை, உள்ளங்கையில் சுருண்டு படுத்துவிடும். சாம்பல் உடம்பு, நெற்றியிலிருந்து முதுகு வழியாக ஒரு கறுப்புக் கோடு, முகத்தில் பாதி கண். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஒரு தோல் மடிப்பு உண்டு. குதித்தால் அது விரியும். திரைச்சீலை உச்சியிலிருந்து மிதந்து வந்து தோளில் இறங்கும். பகலெல்லாம் தூக்கம், இருட்ட ஆரம்பித்தால் ஆட்டம். அந்நியரைக் கண்டால் எழுப்பும் ஒலிதான் அக்காவின் 'ஆம்பளைக் கொறட்டை'. சென்னையில் இவற்றை வளர்த்துக் கொடுக்கும் ஒருவரிடமிருந்து போன வருடம் வாங்கிவந்தோம். வெளிநாட்டுப் பிராணிகளுக்கான அரசுப் பதிவெல்லாம் ஜெசிந்தாவின் பெயரில். தலையில் வழுக்கைப் பொட்டு வைத்த ஆண், உப்பு. பொசுக்கென்று கோபம் வருகிற பெண், மிளகு.

பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வருமென்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 13

மிளகின் வயிற்றுப் பையில் இரண்டு புடைப்புகள், ஊறவைத்த கடலை அளவுக்கு. இவை கங்காரு வகை. அரிசிமணி போலப் பிறந்து, தாயின் பைக்குள் ஊர்ந்து போய் அங்கேயே வளரும்.

"ஏட்டி எழில்! ரெண்டுட்டி, ரெண்டு!" என்று ஜெசிந்தா கத்தினாள். பிறகு மிளகை என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டதாம். குளியலறையில் சோப்பு தீர்ந்துபோய் நேற்றே வாங்கும் பட்டியலில் எழுதியிருந்தேன்.

இன்று கூண்டுத் துணிகளின் முறை. இவற்றுக்கு ஆளைத் தெரிவது மூக்கால்தான். தொங்கவிட்ட மெத்தென்ற ஃப்ளீஸ் துணிப் பைகளில் தூங்குகின்றன. அந்தப் பைகளில் தங்கள் வாசனையும் எங்கள் வாசனையும் இருந்தால்தான் அது வீடு. எல்லாத் துணியையும் ஒரே நாளில் துவைத்துவிட்டால் வீட்டையே இடித்த மாதிரி. அதிலும் குட்டி இருக்கும்போது தாய் மிரண்டால் குட்டியையே கடித்துவிடும். வாங்கிய புதிதில் இதையெல்லாம் தேடிப் படித்து ஜெசிந்தாவுக்குச் சொன்னவள் நான். அதனால் இரண்டு பையைத் துவைத்தோம், இரண்டை விட்டோம். அந்த இரண்டுக்குள்ளும் தானே கை விடுவதாகச் சொல்லி என்னை விலக்கினாள். வழக்கமாக அவளுக்கு அந்த வேலை பிடிக்காது.

ஜூன் 17

நீலத் துப்பட்டாவும் இல்லை. அதற்கும் கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொன்னாள்.

ஜூன் 21

தூத்துக்குடியிலிருந்து அவள் அம்மா பேசினால் ஸ்பீக்கரில் போடுவது வழக்கம். "எழில் சாப்ட்டாளா?" என்ற கேள்வி எனக்கும் கேட்க வேண்டுமே. இப்போது இரண்டு வாரமாகப் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். துணி எடுக்கிற சாக்கில் நானும் போனேன். "அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

"யாருடி?"

"அம்மாதான்."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கலாம்ல?"

"நீ என்ன சி.ஐ.டி.யா? கோட்டிக்காரி" என்று தலையில் தட்டிவிட்டு இறங்கிப் போனாள். அந்தத் தட்டு வழக்கமான தட்டுதான். ஆனாலும் போனை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே தட்டினாள்.

இன்னொன்று. விடுமுறை நாட்களில் உப்பையும் மிளகையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, உடைக்குள் நெஞ்சோடு தொங்கவிட்டுக்கொண்டே வீட்டு வேலை செய்வோம். பழக்கப்படுத்த அதுதான் வழி. எனக்கு முன்னால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் போட்டிபோடுபவள், கழுத்து வலி என்று இப்போதெல்லாம் என்னிடமே கொடுத்துவிடுகிறாள். மாலையில் உப்பு அவள் தோளுக்குப் பறந்தால், "ஏலே, அவகிட்ட போலே" என்று பிடுங்கி என் தோளில் வைக்கிறாள். அது மறுபடி அவளிடம் தாவுகிறது. மறுபடி பிடுங்குகிறாள்.

அலுத்துவிட்டதா? விற்கப் போகிறாளா? பதிவு அவள் பெயரில் இருக்கிறது. என்னைக் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஜூன் 29

இன்று ஒரு காரியம் செய்தேன். சாம்பல் குர்தாவைக் கழற்றிக் கூடையின் மேலாகப் பரப்பி வைத்துவிட்டு, தலைவலி என்று அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தேன். இப்படியெல்லாம் செய்கிற பாத்திரங்களை நாவல்களில் படிக்கும்போது எனக்குப் பிடிக்காது.

ஜெசிந்தா வந்தாள். என் அறைப் பக்கம் பார்த்தாள். குர்தாவை எடுத்தாள். அதை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, முகர்ந்தாள்.

பிறகு மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 30

அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 3

கல்லூரியில் புதிய புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலை. நன்றாகப் போயிற்று. மதியம் கேண்டீனில் தக்காளிச் சாதம்கூட நன்றாக இருந்தது. வரும் வழியில் ஜெசிந்தாவுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கினேன்.

மிளகின் பையிலிருந்து ஒரு வால் வெளியே தொங்குகிறது. தையல் நூல் மாதிரி.

இப்போதெல்லாம் போட்டுக் கழற்றுவதைக் கூடையின் அடியில் திணிப்பதில்லை. மேலே வைக்கிறேன்.

ஜூலை 9

குட்டிகள் இரண்டும் வெளியே வந்துவிட்டன! கண் இன்னும் திறக்கவில்லை. அம்மாவின் முதுகில் ஒன்று, அப்பாவின் வயிற்றுக்கடியில் ஒன்று. உப்பு இவ்வளவு பொறுப்பான தகப்பனாக இருப்பானென்று யார் நினைத்தார்கள்? பிசினும் அவித்த முட்டையும் வைத்தால் மிளகு தட்டோடு சாப்பிடுகிறது. இரண்டு பேரும் கூண்டின் முன் தரையில் உட்கார்ந்து, தோள் உரச, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுங்க எங்க இருந்தாலும் சேந்துதான் இருக்கணும்ட்டி. ஒண்ணப் பிரிச்சா மத்தது ஏங்கிச் செத்துரும்" என்றாள்.

"ஏன் பிரியணும்?"

"சும்மா சொன்னேன்."

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறாள். சித்தி மகனுக்குப் புதுநன்மையாம், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. ஞாயிறு இரவு ரயில். திங்கள் காலையில் வந்துவிடுவாள். அந்தப் பையனுக்குப் போன வருடமே புதுநன்மை கொடுத்தார்கள் என்று நினைவு. கேக் படம் காட்டினாள். வேறு பையனாக இருக்கும்.

ஜூலை 12

ருக்மணியக்கா வாடகை ரசீதோடு வந்தார்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள ஆகஸ்ட்டோட காலி பண்ணிக்குதாமே. நீ தனியா இருந்துக்குவியா? இல்ல வேற புள்ளயச் சேத்திக்கறியா?"

"யாருக்கா காலி பண்றா?"

"அட, ஜெசிந்தாதான். கல்யாணம் வெச்சிருக்குதாமே. மாப்பிள்ளை மஸ்கட்டு. இன்னைக்கு ஊர்ல நிச்சயமாட்ட. உனக்குத் தெரியாதா அம்மணி?"

"தெரியும்க்கா. மறந்துட்டேன்."

"இதையுங்கூடவா மறப்பாங்க?" என்று அக்கா என்னைப் பார்த்த பார்வை.

கதவைச் சாத்தினேன். உப்பு தூங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் அறைக்குள் போய் நின்றேன். கட்டில், சிலுவை, புதிதாக ஒரு பெரிய பெட்டி. பெட்டியின் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்வதில் தவறு ஒன்றும் இல்லை. எல்லோரும் செய்துகொள்கிறார்கள். உப்பையும் மிளகையும் கொண்டுபோகத்தான் மறைத்திருக்கிறாள், அது மட்டும்தான் என் வருத்தம். அவள் பெயர், அவள் பதிவு. அவள் வாசனை.

ஜூலை 13

உப்பையும் மிளகையும் குட்டிகளோடு ஓர் அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கூண்டைச் சுத்தம் செய்தேன். துணிகள் எல்லாவற்றையும் துவைத்தேன். தொங்கும் பைகள், கீழ்விரிப்பு, கழுத்துப் பை, எல்லாம். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, கம்ஃபர்ட் போட்டு. பைகளைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அப்படியே வாளியில் போட்டேன்.

மொட்டை மாடியில் காயப்போடும்போதுதான் பார்த்தேன். பைகளுக்குள் துண்டு துண்டாக வேறு துணியும் இருந்தது. மெரூன், நீலம், சாம்பல்.

நல்ல வெயில். சீக்கிரம் காய்ந்துவிட்டது.

ஜூலை 14

காலையில் ஜெசிந்தா வந்துவிட்டாள். மக்ரூன் கொண்டுவந்தாள். புதுநன்மை நன்றாக நடந்ததாம்.

"என்னட்டி வீடே மணக்குது?"

"தரை துடைச்சேன்."

மிளகு கூண்டின் மூலைக்கு மூலை ஓடுகிறது. உப்பு தன் வாசனையைத் திரும்பப் பூசத் தலையை எல்லாவற்றின் மேலும் தேய்த்துத் தேய்த்துப் பொட்டு சிவந்துவிட்டது. ஜெசிந்தா கை நீட்டினால் குறட்டை. நான் நீட்டினாலும் குறட்டை.

ஜூலை 15

நேற்றுப் போட்டிருந்த குர்தாவைக் கூண்டுக்குள் வைத்தேன். மிளகு அதன் பக்கம் போகவில்லை.

ஜூலை 16

ஒன்று கூண்டின் தரையில் கிடந்தது. இன்னொன்று முழுதாக இல்லை.

ஜெசிந்தாதான் முதலில் பார்த்தாள்.

மொட்டை மாடி ரோஜாத் தொட்டியில் புதைத்தோம். ஒரு கைக்குட்டை போதுமாக இருந்தது.

ஜூலை 17

இருவரும் வேலைக்குப் போகவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"நான்தான்ட்டி கொன்னேன். எனக்குக் கல்யாணம். கோயில்ல மொத ஓலை, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிச்சாச்சு. மஸ்கட்டுக்கு இதுங்களக் கொண்டுபோக முடியாது, கேட்டுப் பாத்துட்டேன். ஒங்கிட்டதான் விட்டுட்டுப் போணும். ஆனா உப்பு என்னையவே தேடுதான். அதான் கொஞ்சங் கொஞ்சமா என் வாசனைய எடுத்துட்டு ஒன் வாசனைய வச்சேன். ஒன் துணிய வெட்டி வெட்டிப் பைக்குள்ள போட்டேன். மோந்து மோந்து பாத்து, நல்லா ஒன் வாசனை இருக்கிறதா எடுத்து வச்சேன். குட்டி இருக்கும்போது வாசனைய மாத்தலாமா? எனக்கு அறிவு வேண்டாமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஒன் மூஞ்சியப் பாத்து எப்பிடிட்டிச் சொல்ல? நாலு தடவ வாயத் தொறந்தேன். நீ தேங்காய் பன் வாங்கிட்டு வந்து நிக்க."

அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

மோந்து பார்த்தது அதற்குத்தான்.

ஜூலை 18

பருப்பு தீர்ந்துவிட்டது. கால்சியம் பொடியும்.

ஜூலை 22

"நீ ஒண்ணும் கொல்லல" என்று அவளிடம் சொன்னேன். அது உண்மை. "சும்மா ஆறுதல் சொல்லாதட்டி" என்றாள். அதற்கு மேல் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. குக்கர் விசில் அடித்தது, எழுந்து போனேன்.

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் யாரோ ஒருவர் ஒருநாள் படிப்பார் என்று எண்ணித்தான் எழுதுகிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியானால் நான் யாருக்கு எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 28

"நீ வச்சுக்கிடு எழில். ரெண்டையும். நான் அதுக்கு லாயக்கு இல்ல, ஒனக்குத்தான் பொறுமையும் இருக்கு, படிப்பும் இருக்கு. ஒன்ன நம்பி விட்டுட்டுப் போறேன்."

சரி என்றேன். பதிவை மாற்ற என்ன செய்ய வேண்டுமென்று பார்க்கிறேன் என்றும் சொன்னேன். என் குரல் சாதாரணமாக இருந்தது.

ஆகஸ்ட் 3

ஞாயிறு. கல்யாணப் பத்திரிகை கொடுக்க இருவரும் கீழ்வீட்டுக்குப் போனோம். ருக்மணியக்கா காபி கொடுத்தார், பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டார். வாசல்வரை வந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க கண்ணு. மனசுல வெச்சுட்டே இருக்க முடியல, கேட்டுப்போடறேன். போன மாசம் மொட்டை மாடில குட்டிக்குட்டிப் பையி, தொட்டில் சீலையாட்ட இத்தனூண்டு விரிப்பு, கொடி நெறையா எழிலு புள்ள காயப்போட்டிருந்துச்சு. கம்ஃபர்ட்டு வாசம் என்ற ஊட்டு வரைக்கும் அடிச்சுது. அது யாரு கொழந்தைக்குங்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"எப்போக்கா?"

"நீ நிச்சயத்துக்கு ஊருக்குப் போயிருந்தியே, அப்பத்தான்."

"கொடி நெறையவா?"

"ரெண்டு கொடி கண்ணு."

அவள் முன்னால் படியேறினாள். நான் பின்னால். கதவைச் சாத்தியதும் திரும்பினாள்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"கழுத்துப் பையக்கூடவா?"

"ஆமா."

"ஒனக்குத் தெரியாம இருக்குமா? எனக்குச் சொல்லிக் குடுத்தவளே நீதான?"

"கூண்டு நாறுச்சுடி."

"பொய் சொல்லாத. ஏன் செஞ்ச?"

ஏன் என்று சொல்ல முயன்றேன். நீ கொண்டுபோய்விடுவாய் என்று நினைத்தேன், உன் வாசனை போனால் அவை என்னோடு இருக்குமென்று நினைத்தேன் என்று சொன்னேன். அவள் காத்திருந்தாள், அது முழு பதில் இல்லை என்று தெரிந்தவள் போல. மிச்சத்தைச் சொல்லவில்லை.

"சரி, அதுகூடப் போவட்டும். கோவத்துல செஞ்சுட்ட. அப்புறம் நான்தான் கொன்னேன் கொன்னேன்னு இத்தன நாளா அழுதுட்டுக் கெடந்தேன். பக்கத்துலயே உக்காந்து முதுகத் தடவிக் குடுத்தியே. எப்பிடிட்டி முடிஞ்சுது ஒனக்கு?"

கூண்டில் இரண்டும் விழித்துக்கொண்டு குறட்டையிட ஆரம்பித்தன.

ஆகஸ்ட் 4

அவள் தட்டை அவளே கழுவி வைத்தாள்.

ஆகஸ்ட் 7

உப்பையும் மிளகையும் என்னிடம் விட அவளுக்கு மனமில்லை. போனில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள், இப்போது என் முன்னாலேயே, ஸ்பீக்கரில். சென்னைக்காரர் பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவள் அம்மா, "எலிய வளக்க நமக்கென்ன கேடு?" என்றார், எழில் சாப்பிட்டாளா என்றும் கேட்டார். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பூனைகளாம். மருத்துவமனையில் ஒருவர் முன்வந்தார்; வீட்டில் சிறு பையன்கள், ஒரு வாரத்தில் வாலைப் பிடித்துச் சுற்றுவார்கள் என்று அவளே வேண்டாம் என்றாள்.

நடுவில் ருக்மணியக்கா கதவைத் தட்டாமல் வந்துவிட்டார். குழந்தை எங்கே என்று பார்க்க வந்தவர் கூண்டைப் பார்த்தார்.

"அட கெரகமே. இதானா? அணிலா எலியா கண்ணு இது?"

ஜெசிந்தா விளக்கினாள். அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"கரப்பாம்பூச்சி திங்குமா?"

"திங்கும்க்கா."

"அப்ப இருந்துட்டுப் போவுது போ. நான் என்னென்னமோ நெனச்சு வேண்டாத சாமியில்ல" என்று ஜெசிந்தாவின் கன்னத்தை வழித்துவிட்டுப் போனார். சந்தேகம் தீர்ந்த ஒருவரின் முகம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் கவனித்ததில்லை.

அவர் போனபின் ஜெசிந்தா போனைக் கீழே வைத்தாள். கேட்க வேண்டிய ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள்.

"வேற வழி இல்ல. ஒங்கிட்டதான்" என்றாள். போன மாதமும் இதையேதான் சொன்னாள். அப்போது 'நம்பி' என்று ஒரு சொல் இருந்தது.

ஆகஸ்ட் 16

காலை வண்டி. அவள் பெட்டியைக் கீழே இறக்கினேன். கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பிக்குள் விரலை விட்டாள். உப்பு தூக்கக் கலக்கத்தில் வந்து விரலைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. ஒவ்வொரு நகமாக அவளே பிரித்தெடுத்தாள்.

"கல்யாணத்துக்கு வாரியா?"

"இதுங்கள யாரு பாத்துப்பா?"

"அதுவும் சரிதான்."

டாக்ஸியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று குனிந்தேன்.

"வாரம் ரெண்டு பைக்கு மேல துவைக்காத."

ஆகஸ்ட் 24

இன்று கல்யாணம். கல்லூரி விடுமுறை. கழுத்துப் பையில் இரண்டையும் போட்டு நாள் முழுவதும் நெஞ்சோடு வைத்திருந்தேன். மிளகு என்னைக் கடித்தது, ஆழமாக இல்லை. மாலையில் ஒரு துண்டு பப்பாளி கையிலிருந்தே எடுத்தது.

இரவில் கல்யாணப் படங்கள் வந்தன. வெள்ளைப் புடவையில் அவள் உயரமாகத் தெரிகிறாள்.

செப்டம்பர் 9

மஸ்கட் போனதிலிருந்து ஜெசிந்தா தினமும் கூப்பிடுகிறாள். அங்கே வெயில் தாழும் நேரம், இங்கே விளக்கு வைத்தாகிவிட்டது. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. "கேமராவத் திருப்பு" என்பாள். திருப்புவேன்.

இன்றும் அப்படித்தான்.

"மிளகு எங்க?"

"பைக்குள்ள. இரு, வரும்."

"வெளிய வரட்டும். பாத்துட்டுதான் வைப்பேன். அந்தப் பச்சப் பை புதுசா?"

"துவைச்சது."

"மத்தத?"

"துவைக்கல."

"நான் எப்பிடி நம்ப? இங்க இருந்து வாசனையா தெரியும்?"

துவைக்காத ஒரு பையைக் கழற்றிக் கேமராவுக்கு அருகே பிடித்தேன். அழுக்கைக் காட்டினேன். முடியும் பிசின் கறையும் தெரிந்திருக்கும். அவள் கூர்ந்து பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் முகம் திரை முழுவதும் இருந்தது. புருவத்துக்கு நடுவே புதிதாக ஒரு பொட்டுபோல வெயில் கறுப்பு. மிளகு வெளியே வந்து திரைச்சீலைக்குத் தாவியது. உப்பு அவள் குரல் வந்த திசையில் காதைத் திருப்பினான். அவளுக்குப் பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, நீ தெனமும் போட்டோ அனுப்பிட்டன்னா போதும்லா. நான் கூப்பிட வேண்டாம். ஒனக்கும் தொந்தரவு."

"போட்டோல ஒண்ணும் தெரியாதுடி. உடம்பு சரியா இருக்கான்னு ஓடுறதப் பாத்தாதான் தெரியும்."

யோசித்தாள்.

"அதுவும் சரிதான். நாளைக்குக் கூப்பிடுதேன். ஒன்ன நம்பி விட முடியாது."

"கூப்பிடு."

ஓடுவதை வீடியோ எடுத்தும் அனுப்பலாம். அவள் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.